ஒன்பதாவது கேள்வி

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, சமூகவியல் படிக்கப் போனவள் எழில்மொழி. மற்ற பாடங்களில் இடம் முடிந்துவிட்டதால் கிடைத்ததுதான் அது. ஆனாலும் போகப்போகப் பிடித்துப்போயிற்று. தன் தெருவில் நடப்பதற்கெல்லாம் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது.

மூன்றாம் வருட ஆய்வுக்கு நடவு வேலை செய்யும் பெண்களை எடுத்துக்கொண்டாள். கேள்வித்தாளில் உள்ளதை முதலில் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர் ஆமினா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அம்சத்தின் எதிரே போய் உட்கார்ந்தாள். வயது, படிப்பு, வயலில் முதன்முதலாக இறங்கிய வருஷம் என்று எட்டுக் கேள்விகள் சிரிப்போடு போயின. ஒன்பதாவது, பிறந்த குழந்தைகள் எத்தனை. தானும் தம்பியும்தானே என்று இரண்டு எழுதப் போனாள்.

"மூணுன்னு போடு," என்றாள் அம்சம்.

எழில்மொழிக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறது. எட்டு மாதக் குழந்தை. காய்ச்சலாகக் கிடந்ததை வரப்போரப் பூவரச மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு அம்சம் நட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டும், ஆள் கூட்டி வந்தவள் கரையேற விடவில்லை. மத்தியானத்துக்குள் நட்டு முடித்தாக வேண்டும்.

"அழுதுகிட்டே இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. தூங்குதுன்னு நெனச்சு நிம்மதியா நட்டேன்டி."

சொல்லிவிட்டுக் கீரையைக் கழுவ எழுந்து போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அதன் பிறகு எழில்மொழி ஏறி இறங்கிய வீடுகளில் ஒன்பதாவது கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. எல்லாத் தாளிலும் அந்த இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து ஆமினா காரணம் கேட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டதும், அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்றார். எழில்மொழி சம்மதிக்கவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போனாள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாளை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அம்சம் வேலைக்குப் போன நாளெல்லாம் எழில்மொழி வளர்ந்தது அந்த இடுப்பில். தனக்கு ஒரே மகன் என்று சொன்ன காளியம்மாள், தாளை எட்டிப் பார்த்தாள்.

"உங்கம்மா சொல்லிட்டாளா? அன்னைக்கு ஆள் கூட்டிப் போனது நான்தான். நான்தான் விடல."

எழில்மொழி தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எப்படி அவளோடு இத்தனை வருஷம் பேசிப் பழக முடிந்தது என்று அம்மாவிடம் கேட்டாள்.

"மிராசுதாரு வரப்புலயே நின்னாரு. அவ மட்டும் என்ன பண்ணுவா?"

மேலே இருப்பவருக்குப் பயந்துதான் நடுவில் நிற்பவள் கீழே இருப்பவளை அழுத்துகிறாள் என்று இதையேதான் எழில்மொழி பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தாள். புத்தி ஒத்துக்கொண்டது. மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து காளியம்மாளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

முதல் வகுப்பில் தேறிய அன்று காளியம்மாள் கேசரி கிளறி எடுத்து வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். எழில்மொழி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்சம்தான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். மார்கழியில் காளியம்மாள் திருப்பூரில் இருக்கும் மகனோடு போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட அம்சம் மட்டும் போனாள். திரும்பி வந்து, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதாகச் சொன்னாள். மாசியில் அவள் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அன்று முழுக்க எழில்மொழி சாப்பிடவில்லை.

இப்போது திருவாரூரில் மேற்படிப்பு படிக்கிறாள். அக்காவுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்க ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைத்துக்கொண்டு வருகிறாள். இதுவரை கேட்டதில்லை.