முதல் வரியில் மேற்படி

காலண்டர் அட்டையில் நீளவாக்கில் ஒரு பிளவு கத்தரித்து வைத்திருக்கிறார் விசாலாட்சி. அதைக் கணினித் திரையின்மேல் வைத்து மெல்ல மெல்லக் கீழே இறக்குகிறார். ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கண்ணில் படவேண்டும். "அடுத்தவ கல்யாணத்தை எட்டிப் பாக்காதே. முதல்ல இவளை முடி" என்று தன் கண்ணுக்கே உத்தரவு போடுகிறார்.

சனிக்கிழமை காலைகளில் ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடியில் அவரைப் பார்க்கலாம். ஒரு பழைய கோயிலின் கல்யாணப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். தொண்டூழியர்கள் அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்கிறார்கள். பாட்டன் பூட்டன் யாரென்று தேடுகிறவர்கள் இணையத்தில் பெயரைப் போட்டால் வரி வந்து நிற்கும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இருவரும் ஒன்றுபோல் அடிக்காத இடத்தில் எது சரியென்று மூன்றாவது ஆள் தீர்ப்பு சொல்வார். அந்த மூன்றாவது ஆள் விசாலாட்சி.

வயது அறுபத்து மூன்று. ஆங் மோ கியோவில் ஒரு கிளினிக்கில் முப்பத்தொரு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவர். "நாலு டாக்டர் கிறுக்கலைப் படிச்சு ஒரு ஆளுக்கும் மாத்தி மருந்து குடுக்காதவ நான். இதெல்லாம் கையெழுத்தா? அச்சு லா இது!" பதிவேடு எழுதிய பழைய குமாஸ்தாக்களின் பெயர் யாருக்கும் தெரியாது. விசாலாட்சியோ எழுத்தைப் பார்த்தே ஆளுக்கொரு பட்டம் வைத்திருக்கிறார். ஒருவர் 'மைக்கொட்டி'. ஒருவர் 'சாஞ்சவரு'. மத்தியானத்துக்குமேல் எழுத்து தள்ளாடும் ஒருவருக்கு 'சாப்பிட்டு வந்தவரு'.

பால் இல்லாத, சீனி இல்லாத கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்து மேசை இழுப்பறைப் பிடியில் தொங்கவிட்டிருப்பார். மணப்பெண்களோடு பேசுவார். "பதினெட்டுன்னு போட்டிருக்கான். ஒனக்குப் பதினாலுகூட இருக்காது, எனக்குத் தெரியாதா?" மாப்பிள்ளை மூன்றாம் தாரமாகக் கட்டுகிறார் என்றால் விசையை ஓங்கித் தட்டுவார். பக்கத்து மேசை ஆஸ்மா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வார். ஆஸ்மா தையற்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். ஒரு பக்கத்துக்கு விசாலாட்சியைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பார். "ஆஸ்மா, அந்தப் பொண்ணுக்குப் பேரப்பிள்ளையே பிறந்திருச்சு. நீ இன்னும் தாலியே கட்டவிடல" என்று விசாலாட்சி சீண்டுவார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பேருந்து ஓட்டுநர் சீருடையோடு ஒருவர் மாடியேறி வந்தார். பெயர் கோவிந்தசாமி. கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய கண்ணாடிச் சட்டம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவருடைய மகன் இளமாறனுக்கும் நிவேதிதா என்ற பெண்ணுக்கும் நிச்சயதார்த்தம். பிள்ளைகள் இருவரும் ஆசைப்பட்டு, பெற்றவர்கள் ஒப்புக்கொண்ட சம்பந்தம். பரிசாகக் கொடுக்கலாமென்று இரண்டு வீட்டு வம்சத்தையும் ஒரே படமாகப் போட்டு, சட்டம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பெயர்களை இந்த இணையத்தளத்தில் தேடித்தான் எடுத்தார்கள். படம் முடிந்த பிறகுதான் கவனித்தார்கள். இளமாறனின் கொள்ளுப்பாட்டி பாப்பாத்திக்கும் நிவேதிதாவின் கொள்ளுப்பாட்டி அஞ்சலைக்கும் தகப்பன் ஒருவரே. தஞ்சோங் பகார் முனியன்.

"அக்கா தங்கச்சி. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பொண்ணு வழியாவே வருது. அப்ப இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறை ஆகுதே" என்றார் கோவிந்தசாமி. "என் சம்சாரம் வேணாம்னுட்டா. பையன் ரூமை விட்டு வெளிய வரல. நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போய் 'கேன்சல்'னு சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"இங்க அடிச்சது தப்பாகாது" என்றார் விசாலாட்சி, திரையைப் பார்த்தபடியே. "ஆனாலும் வந்துட்டீங்க. பாப்போம்."

1938ஆம் வருடப் பதிவேட்டைத் திறந்தார். ஒரு பக்கத்தின் கடைசி வரியில் பாப்பாத்தி, தகப்பன் முனியன். அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அஞ்சலை. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ௸ என்ற சுழி. மேலே எழுதியதேதான் இங்கேயும் என்பதற்கு அந்தக் காலத்தில் போடும் மேற்படி. ஒரே வீட்டுப் பெண்கள் இருவருக்கு ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் என்றால் குமாஸ்தா தகப்பன் பெயரை இரண்டு முறை எழுதமாட்டார்.

"பாத்தீங்களா, மேற்படி" என்று சொல்லவந்தவர், அது பக்கத்தின் முதல் வரி என்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினார். அட்டையை எடுத்துக் கீழே வைத்தார். இரண்டு பக்கங்களையும் முழுதாக அருகருகே போட்டார்.

பூச்சி துளைத்த புத்தகம் அது. பாப்பாத்தியின் பக்கத்து ஓரத்தில் பத்துக் காசு அளவுக்கு ஓட்டை. அஞ்சலையின் பக்கத்தில் அதே இடத்தில் ஒரு கடுகு அளவுதான். விசாலாட்சி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பூச்சி என்ன ஹை ஜம்ப்பா பண்ணும்? பெரிசுல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தானே சின்னதாகும்? நடுவுல ஒரு தாள் காணோம்."

தையல் விட்டுப்போன தாள்களை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றைப் படம் பிடித்தது, பதிவேட்டை அடித்து முடித்து ஆறு மாதம் கழித்து. முப்பத்தெட்டுத் தாள்கள். விசாலாட்சி பெயர்களைப் படிக்கவே இல்லை, ஓட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். இருபத்தாறாவது தாளில் மிளகு அளவுக்கு ஒன்று. அதே ஓரம், அதே உயரம். அதன் பின்பக்கத்துக் கடைசி வரியில் அமிர்தம் என்றொரு பெண். தேதி அஞ்சலையின் தேதியேதான். தகப்பன் வீராசாமி.

அஞ்சலையின் அக்கா அமிர்தம். பாப்பாத்தி யாரோ.

அப்படியானால் முனியன் பெயரை அங்கே போட்டது யார்? பழைய பதிவை எடுத்துப் பார்த்தார். முதலில் அடித்தவர் 'முனியன்' என்று போட்டிருந்தார். இரண்டாவதாக அடித்தவர் ஆஸ்மா. அவர் '௸' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் 'முன் பக்கம் இதுதானா, தெரியவில்லை' என்று குறிப்பு எழுதியிருந்தார். தீர்ப்பு 'முனியன்'. கீழே விசாலாட்சியின் பெயர்.

ஒருங்கிணைப்பாளர் தனசேகரன் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மெதுவாகக் குனிந்து, "சிஸ்டம் எரர்னு சொல்லிடலாம்க்கா. லூஸ் தாள் லேட்டாத்தானே வந்துச்சு" என்றார்.

"சிஸ்டம் என்ன பண்ணுச்சு, பாவம். அது நான் சொன்னதை வாங்கி வச்சுக்கிச்சு." விசாலாட்சி எழுந்து கோவிந்தசாமியிடம் போனார். குரலைத் தாழ்த்தவில்லை. "அண்ணே, தப்பு என்னுது. ஒங்க வீட்டுப் பாட்டியும் அவங்க வீட்டுப் பாட்டியும் அக்கா தங்கச்சி இல்ல. நடுவுல ஒரு தாள் இருந்துச்சு, நான் பாக்கல. தெரியலன்னு ஒருத்தி எழுதி வச்சிருந்தா, நான் தெரியும்னு போட்டுட்டேன். ஒரு முறையும் கிடையாது. தாராளமா கல்யாணத்தைப் பண்ணுங்க."

கோவிந்தசாமி அப்போதுதான் உட்கார்ந்தார். சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். "இப்ப இந்தப் படத்தை என்னம்மா பண்றது? நூத்தி இருபது வெள்ளி குடுத்துப் போட்டது."

"நடுவுல முனியன்கிட்ட இருந்து அஞ்சலைக்குப் போற கோட்டை மட்டும் அழிச்சிட்டு மாட்டுங்க. கீழ ரெண்டு பேரும் சேர்ந்துதானே நிக்கப்போறாங்க?"

அவர் சிரித்தார். பிறகு தயங்கி, "வாயால சொன்னா சம்சாரம் நம்பமாட்டா. எழுதித் தந்தா நல்லாருக்கும்" என்றார்.

தனசேகரன் அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். விசாலாட்சி வேண்டாமென்று வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக் கையாலேயே எழுதினார். பக்க எண், உறைத் தாளின் எண், தகப்பன்மார் இருவரின் பெயர், இரண்டு வருடத்துக்கு முன் தவறாகத் தீர்ப்பு சொன்னது தான்தான் என்பது, எல்லாம் ஏழு வரியில் முடிந்தது. அடியில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டு, அதற்கும் கீழே தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

பிறகு தாளை ஆஸ்மாவின் மேசைக்கு எடுத்துப்போய் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். தன் பெயருக்கு மேலே விட்டிருந்த இடத்தில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, மறு கையால் பேனாவை நீட்டினார்.