எமனுக்குப் பயந்து கட்டிய பட்டறை

லிந்துலை பஜாரைத் தாண்டிப் போகிறவர்கள் நல்லமுத்துவின் வெல்டிங் பட்டறையைத் தவறவிட முடியாது. முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. அதன் மேல் வெள்ளி நிறத் தகடு. அதற்கும் மேல் நிறம் மாறி மாறி எரியும் பெயர்ப்பலகை. நகைக்கடை என்று நினைத்து வாசலில் செருப்பைக் கழற்றியவர்களை நானே பார்த்திருக்கிறேன். எதிரே சில்லறைக் கடை வைத்திருப்பவன் நான். இந்தக் கூத்தைத் தினமும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

நல்லமுத்து தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. அடுப்புப் புகையில் கண் எரிய எரியப் படித்ததாக அவனே சொல்லுவான். கொழும்பில் தொழில் பழகித் திரும்பி வந்து, ரோட்டோரம் நாலு கம்பி நட்டுத் தகரம் போட்டான். மூன்று பக்கமும் திறப்பு. மழைச் சாரல் அடிக்கும், பனி உள்ளே வந்து உட்காரும். ஆனால் எழும்பிய புகை நிற்காமல் தேயிலை மலைக்குப் போய்விடும். அந்தக் கொட்டகையில் செய்த கேட்டும் கிரில்லும் நோட்டன் பிரிட்ஜ் ஊர் வரைக்கும் போயின.

கல்யாணம் ஆன கையோடு மனைவி சண்முகவடிவைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து நிறுத்தினான். "எம் பொண்டாட்டி இனிமே பெரட்டுல நிக்க மாட்டா" என்று என் கடையில் வைத்துத்தான் சொன்னான். விடிந்ததும் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறார்களே, அந்தப் பெரட்டு. அவளும் பட்டறையில் கிரைண்டர் பிடித்தாள், பெயின்ட் அடித்தாள். தொழிலில் பாதி அவள்தான்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவன் அவளுடைய தம்பி சஜீவன். கட்டார் நாட்டில் இருந்து வந்து இறங்கியவன் கொட்டகையைப் பார்த்து, "என்ன மச்சான், கோழிக்கூடு மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான், நல்லமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து மச்சானும் மச்சானும் போனில் வெளிநாட்டுப் பட்டறைகளின் படம் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கும் காட்டினார்கள். பளபளவென்று தரை, பால் மாதிரி சீலிங், ஒரு படத்தில்கூட வேலை செய்கிற ஆள் இல்லை. ஆளில்லாத இடத்துக்குக் காற்று எதற்கு?

கொட்டகையைப் பிரித்துவிட்டுப் புதுப் பட்டறை கட்டுவதென்று முடிவானதும் சண்முகவடிவு இரண்டே இரண்டுதான் கேட்டாள். "கூரை உச்சியில பொகை போக ஒரு வழி வைங்க. தெக்கால ஒரு பெரிய ஜன்னல் வைங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இது அவனுக்குத் தெரியாத விஷயமா? பஜார் பேக்கரிக்காரர் கூரையை மூடிக் கட்டியபோது, "பொகைக்கு வழி விடாம கட்டுனா அடுப்புக்குள்ள குடியிருக்க வேண்டியதுதான்" என்று அந்த மனிதரைத் திட்டிவிட்டு, உச்சியைப் பிரித்து, இடைவெளி விட்டு மேலே ஒரு குட்டிக் கூரை ஏற்றிக் கொடுத்தவனே இவன்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ராகலையிலிருந்து ஒரு வாஸ்து சாஸ்திரியாரையும் காரில் கூட்டி வந்தார்கள். அவர் தெற்குப் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இந்தப் பக்கம் திறந்தா எமன் எட்டிப் பார்ப்பான்" என்றார். மேற்கே மண்மேடு. வடக்கே அடுத்தவர் சுவர். கிழக்கே ரோடு, அங்கே சஜீவன் ஆசைப்பட்ட நீலக் கண்ணாடி. கூரையில் வழி வைத்தால் சீலிங்கின் அழகு கெட்டுவிடுமாம். ஆக, நாலு பக்கமும் அடைப்பு, ஒரே கதவு. லயத்திலிருந்து தப்பி வந்தவன் கைக்காசு போட்டு இன்னொரு லயம் கட்டினான். டைல்ஸ் பதித்தது மட்டும்தான் வித்தியாசம்.

திறப்பு விழாவில் பால் காய்ச்சினார்கள். பட்டறைக்கு எதற்குப் பால் என்று கேட்கக் கூடாது. சொந்தமாக நாலு சுவர் கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு அது வீடுதான், பால் பொங்கியாக வேண்டும். நட்ட நடுவில் மூன்று கல் வைத்து விறகை மூட்டினார்கள். பால் பொங்குவதற்கு முன்னால் புகை பொங்கியது. மாலை போட வந்திருந்த சங்கத் தலைவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சாஸ்திரியார் இருமிக்கொண்டே, "பொகை வெளிய போகாம நிக்குது பாருங்க, லெட்சுமியும் இப்படித்தான் நிலைச்சு நிப்பா" என்றார். கண்ணில் நீர் வழிய எல்லாரும் தலையாட்டினார்கள். சண்முகவடிவு ஆட்டவில்லை.

முதல் வாரமே சுத்தியல் விழுந்து டைல்ஸ் வெடித்தது. தீப்பொறி பட்டுச் சீலிங்கில் அம்மைத் தழும்பு விழுந்தது. அதெல்லாம் அழகுக்கு வந்த கேடு, போகட்டும். பிறகு ஒரு கோயில் வேலிக்குக் கல்வனைஸ் பைப் வேலை வந்தது. அந்தப் பைப்பில் நெருப்புப் பட்டால் மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். தூசி படிந்து கண்ணாடி கெடும் என்று கதவையும் சாத்தி வைத்துத்தான் வேலை. சாயங்காலம் சண்முகவடிவுக்கு உடம்பு உதறிக் காய்ச்சல் வந்தது. காலையில் விட்டது. மறுபடி பைப் வேலை, மறுபடி காய்ச்சல். "பனி ஒத்துக்கல" என்றான் புருஷன். பனி புகாமல் கட்டிய கட்டடத்துக்குள் பனியாம்.

டவுன் டாக்டர் சிங்களத்தில் முதலில் கேட்டது இதைத்தானாம், புகை எந்த வழியாகப் போகிறது என்று. கதவு வழியாக என்றான் இவன். கதவு சாத்தியிருந்தால் என்று கேட்டதற்குத் தூசியையும் கண்ணாடியையும் பற்றிப் பேசினான். இப்படியே போனால் இவளுக்கு நெஞ்சு கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு என் கடை வாசலில்தான் சண்டை.

"தெக்குச் சுவத்த ஒடைங்க."

"சாஸ்திரியாரு சொன்னத மறந்துட்டியா வடிவு? எமன் வருவான்."

"எமன் வரக்கூடாதுன்னு நாலு பக்கமும் அடைச்சிட்டீங்க. அவன் உள்ளயே இருந்து என் நெஞ்சுல ஏறிக் குந்தியிருக்கான். வெளிய போக அவனுக்கு ஒரு வழி வேணாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "சுவத்த ஒடைக்கலன்னா நான் மறுபடி தோட்டத்துல பேர் பதிஞ்சுக்குவேன்" என்றாள்.

இதற்குத்தான் அவன் பயந்தான். அடுத்த நாளே தெற்குச் சுவரில் சம்மட்டி விழுந்தது. பரவாயில்லை, மனுஷன்தான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்குள் சஜீவன் சாஸ்திரியாருக்குப் போன் போட்டு ஒரு சமாதானம் பேசி வாங்கியிருந்தான். கண்ணாடி வைக்கலாம், ஆனால் திறக்கக் கூடாது. வெளிச்சம் வரும், எமன் வர முடியாது. நல்லமுத்துவும் சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடியாகப் போட்டு, சுற்றிவரப் பசை வைத்து அடைத்தான்.

"பாரு வடிவு, நீ கேட்ட ஜன்னல்" என்று பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் கண்ணாடியில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். கொண்டியைத் தேடினாள். கொண்டி இல்லை. திரும்பி வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு என் கடையைத் தாண்டி நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பெரட்டுக்கா போற? ஊரு என்ன சொல்லும்?"

"அங்க காத்தாவது இருக்குங்க" என்றாள், நிற்காமல்.

இப்போது அவன் தனியாகத்தான் வேலை செய்கிறான். தெற்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை. வெல்டிங் புகை படிந்து கண்ணாடி கறுக்கும்போதெல்லாம் துணியால் துடைத்துவிட்டு, கொழுந்து பறிக்கிற வரிசையில் அவளைத் தேடுகிறான். கண்டுபிடிப்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது.