ஸ்கோப் லென்ஸில் தெரிந்த செவலை

பழைய ஸ்கோப் லென்ஸ்களுக்கு இப்போது வந்திருக்கும் மவுசைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான் சினிமாவில் கேமரா உதவியாளர். துல்லியமாகக் காட்டும் புது லென்ஸை ஒதுக்கிவிட்டு, மூடிப்போன தியேட்டர்களின் புரொஜெக்டரில் இருந்ததைத் தேடிப்பிடித்து வந்து கேமராவில் மாட்டச் சொல்கிறார்கள். வெளிச்சம் பட்டால் குறுக்கே நீலக்கோடு இழுக்கிறது, பின்னால் எரியும் பல்புகள் முட்டை முட்டையாகத் தெரிகின்றன, ஓரமெல்லாம் வளைகிறது. என் மாமா குறை என்று திட்டித் தீர்த்த சமாச்சாரங்கள் இவை. இன்று இதற்குப் பெயர் அழகாம்!

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார், எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஸ்கோப் படம் ஓடும் நாட்களில் அந்த லென்ஸைத் தியேட்டரில் விட்டுவைக்க மாட்டார். துண்டில் சுற்றிச் சோற்றுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சொம்பு அளவு இருக்கும். ஒரு முனையில் பெரிய கண்ணாடி, மறுமுனையில் சின்னது.

"ஃபிலிமுல எல்லாத்தையும் நெருக்கி ஒல்லியா வெச்சிருப்பாங்க அம்மிணி. இதுதான் அகலமா விரிச்சு உடும். இது இல்லீன்னா கதாநாயகன் முருங்கக்காய்தான்" என்பார்.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எலும்பும் தோலுமான எங்கள் நாய் கன்றுக்குட்டி அகலத்துக்குத் தெரிந்தது. எந்த முனையைக் கண்ணில் வைத்தேன் என்றெல்லாம் அந்த ஒன்பது வயதுக் கழுதை கவனிக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் செவலை மாட்டுக்குக் காய்ச்சல் வந்து, கன்றும் செத்து, மடி வற்றிப்போனது. விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிற வீட்டில் கறக்காத மாட்டுக்கு எத்தனை நாள் தீனி போடுவது? அப்பா மாட்டு யாவாரிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். யாவாரியின் வண்டி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் விடுவதாக இல்லை. அழுது பார்த்தேன். பிறகு சோற்றைத் தொடமாட்டேன் என்று இரண்டு நாள் வீம்பாகக் கிடந்தேன். "நீ பட்டினி கெடந்தா மாடு கறந்துருமா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தார். படுத்துக்கொண்டு யோசித்தேன். மாடு மெலிந்துவிட்டது என்பதுதானே இவர்களுக்குக் குறை? பெருக்கிக் காட்டிவிட்டால் என்ன சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரத்தில் யாவாரி வந்தார். மாமா மோட்டார் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தார். சோற்றுப் பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டு ஓடினேன். கட்டுத்தரையில் யாவாரி செவலையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரே ஒருக்கா இதுல பாருங்க. பாத்துட்டு அப்புறம் குடுங்க" என்று அதை அப்பாவின் கையில் திணித்தேன். பெல்ட் எடுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடித்தால் இரண்டு பேரையும் சேர்த்து அடிக்கட்டும்!

அப்பா லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெரிய கண்ணாடியை எங்கள் பக்கம் நீட்டி, சின்ன முனையைக் கண்ணில் வைத்து, மறுகண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யாவாரி பொறுமையிழந்து இருமினார்.

"இல்லீங்க" என்றார் அப்பா, லென்ஸை இறக்காமலே. "மாடு நல்லா தாட்டியமாத்தான் இருக்குது. குடுக்கறதா இல்லீங்க."

"ஏனுங்கண்ணா, வெளையாடறீங்களா?" என்று யாவாரி வாயைப் பிளந்தார். அப்பா அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கி என்னிடம் கொடுத்தார். "போ, போயிச் சோறு உண்ணு" என்றார். அதற்குள் மாமா ஈரத்துண்டோடு, "ஐயோ, என் லென்ஸு! மேட்னிக்கு நேரமாச்சே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். என் காது அன்று முழுக்கச் சிவந்து கிடந்தது. அதனாலென்ன, ஜெயித்தது நானல்லவா!

செவலை அதன்பின் ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. பெரிதாக ஒன்றும் கறக்கவில்லை. அப்பாவை ஏமாற்றிய சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், படப்பிடிப்பில் என்று போன இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

போன மாதம் காந்தலூரில் படப்பிடிப்பு. மாமாவுடையதைப் போலவே ஒரு பழைய லென்ஸ் வந்திருந்தது. மாட்டும் முன் துடைத்து, பெரிய கண்ணாடியை வெளியே நீட்டி, சின்ன முனையைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிரே வந்த தயாரிப்பு நிர்வாகி நல்ல பருமன். ஈர்க்குச்சியாக வந்தார். திருப்பிப் பிடித்தேன், பீப்பாயாக நின்றார். மறுபடி மாற்றினேன். ஈர்க்குச்சி.

நான் பெரிய முனையில் கண்ணை வைத்து நாயைப் பார்த்திருக்கிறேன். அப்பா பார்த்தது சின்ன முனையில். அன்று அவர் கண்ணுக்குச் செவலை பெருக்கவே இல்லை, இருந்ததில் பாதியாகத்தான் தெரிந்திருக்கும். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு நாளாகச் சோறு தின்னாமல் நின்ற நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.