அந்த வரியில் மட்டும் தொண்டை கட்டியது

இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அதை வாசித்துப் பார்ப்பதில்லை. நானும் ஓய்வு பெறும்வரை வாசித்ததில்லை. அலுவலகத்தில் எந்தத் தாள் வந்தாலும் வரிவரியாகப் படித்துக் குறை தேடுகிறவன், வாரந்தோறும் வாயால் சொன்ன இதை மட்டும் விட்டுவிட்டேன்.

வாசித்தபோதுதான் கவனித்தேன், நாம் கேட்கிறவற்றில் ஒன்றுக்கு மட்டுமே நிபந்தனை இருக்கிறது. ஆகாரம் கேட்கிறோம், நிபந்தனை இல்லை. சோதனையிலிருந்து காப்பாற்றச் சொல்கிறோம், அதற்கும் இல்லை. எங்களை மன்னியும் என்கிற இடத்தில்தான், நாங்கள் மற்றவர்களை மன்னிப்பதுபோல என்று நாமாகவே சேர்த்துக்கொள்கிறோம். நான் வருவாய்த்துறையில் இருந்தவன். நிபந்தனையை நிறைவேற்றாத மனுக்களைத் திருப்பி அனுப்பியே பணிக்காலத்தைக் கழித்தவன். மனுதாரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே படியிறங்குவார்கள். இப்போது மனுதாரர் நான்.

காரணம் ஒரு மகிழமரம். துடியலூரில் வீடு கட்டிக் குடிவந்த வாரத்தில் வாசலோரம் நானே நட்டது. மெதுவாக வளர்கிற மரம். நான் பணி ஓய்வை நோக்கி நகர்ந்த வேகத்தில்தான் அதுவும் உயர்ந்தது. சென்ற ஆண்டு பெங்களூரில் மகன் வீட்டில் நானும் மனைவியும் சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மரம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை. வெட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான், கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்.

மனைவிக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த நாளே அந்த வெயிலில் வடகம் காயவைத்தாள்.

நான் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பரமண்டல ஜெபம் வரும்போது மற்ற வரிகளையெல்லாம் தெளிவாகச் சொல்வேன். அந்த வரி வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வேன். பொய்யாக ஒரு நிபந்தனைக்குச் சம்மதம் தெரிவிப்பது எனக்குப் பழக்கமில்லை. அதே கணக்கில், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்துக்கும் எழுந்து போவதை நிறுத்தினேன். சமாதானம் இல்லாதவன் அந்தப் பந்திக்குப் போகக்கூடாது என்பது விதி. விதியை மதித்தேன். மனைவி தனியாகப் போய் மண்டியிட்டுவிட்டுத் திரும்பி வருவாள்.

சில மாதங்கள் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு மதியம், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த எடம் வந்தா மட்டும் உங்களுக்கு எப்பிடித் தொண்ட கட்டுது?"

"எந்த எடம்?"

"அட, சாமிக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்? எனக்கே தெரியுது." ரசத்தை ஊற்றினாள். அப்புறம் குரல் இறங்கியது. "நானொருத்தியாப் போயி மண்டி போடறது நல்லாவேயில்லைங்க. கலியாணம் ஆனதுலருந்து ஒண்ணாப் போயிட்டிருந்தோம்."

மரம் எனக்கு மட்டும் சொந்தமான நஷ்டம். பந்தியில் அவள் பக்கத்தில் காலியாக இருந்த இடம் அவளுடைய நஷ்டம்.

வேதத்தைப் புரட்டினேன். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரிவி என்று இருந்தது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முதல்நிலை விசாரணை, மேல்முறையீடு, இறுதி ஆணை எல்லாம் முறைப்படி இருக்கின்றன. அன்று மாலையே சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பட்டறைக்காரர் வாசலுக்கே ஓடிவந்தார். லேத் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், வீட்டிலும் அதே குரல்தான்.

"வாங்க சார், வாங்க! எத்தன நாளாச்சு! அம்மணி, சாருக்குக் காப்பி வெய்யி!"

காப்பி வந்தது. குடித்து முடித்துவிட்டு, வரும் வழியில் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"நீங்க மரத்த வெட்டுனதுக்கு நான் உங்கள மன்னிச்சுட்டேனுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சுட்டீங்களா? தேங்க்ஸ் சொல்ல வந்திருக்கீங்கன்னு நெனச்சேன் சார்."

"தேங்க்ஸா?"

"பின்னே? காத்தடிச்சா உங்க மரக்கெள கரண்டுக் கம்பியில போயி ஒரசுது. பொறி பறக்குது. ஊடு பூட்டிக் கெடக்குது. நானு பட்டறையச் சாத்திப்போட்டு, ஆளக் கூட்டியாந்து, வெயில்ல நின்னு வெட்டிப்போட்டேனுங்க."

"கெளைய மட்டும் வெட்டியிருக்கலாமில்லீங்க? இல்ல, ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"போன் பண்ணுனா நீங்க மனு எழுதச் சொல்லுவீங்க. ஈ.பி.க்கு ஒண்ணு, நகல் இன்னொருத்தருக்கு. அதுக்கு அவங்க பதில் போடறதுக்குள்ள மரம் ஊட்டு மேலயே வந்துருமுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அவர் கதவுவரை வந்தார். ஆனால் அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"மன்னிக்கறதுன்னா நான் தப்புப் பண்ணியிருக்கோணுமில்ல சார்? நல்லது பண்ணுனவனக் கூப்புட்டுக் குத்தவாளியாக்கிப் போட்டீங்களே."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த வரி வந்தது. வழக்கம்போல நான் செருமினேன். ஆனால் சபையின் சத்தத்தில் ஏதோ குறைந்தது. முன்வரிசையில் எப்போதும் மேலெழுந்து கேட்கிற பட்டறைக் குரல் இல்லை. முந்தின வரி வரை இருந்தது, அடுத்த வரியில் மறுபடி வந்தது, நடுவில் மட்டும் காணோம். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் உட்கார்ந்தே இருந்தார். அவர் மனைவியும் என் மனைவியும் ஒருவர் பின் ஒருவராக நடந்து போனார்கள். அவர் பிடரியை நானும், சுவரை அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் மன்னிப்பு என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது குற்றப்பத்திரிகை. அதைப் பெற்றுக்கொண்ட ஆள் என்ன ஆவார் என்பதை நான் பார்க்காதவனா?

அதற்குப் பிறகு காலையில் வீட்டு ஜெபத்தின்போது முயன்று பார்த்தேன். முதலில், அவர் செய்தது தப்பே இல்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. தப்புதான். கம்பியில் உரசியது கிளை, அவர் வெட்டியது மரத்தை. பல நாள் இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காலையில் தோன்றியது: தப்பே இல்லை என்றாகிவிட்டால் மன்னிப்பதற்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? தப்பு இருப்பதால்தான் அந்த வரி இருக்கிறது. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இல்லை. எதிர்த்தரப்பை அழைக்காமலே முடிக்கிற வழக்கு இது. அப்படி ஒரு வழக்கு என் பணிக்காலத்தில் வந்ததே இல்லை.

மகிழமரத்தை வெட்டியவரை மன்னித்துவிட்டேன் என்று கண்ணை மூடிச் சொன்னேன். எனக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாள் அவர் பெயரைச் சொல்லி, பட்டறைக்கு நல்ல ஆர்டர் கிடைக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தில் மனைவி ஆமென் சொன்ன வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் பகிர்ந்துகொள்வோம். ஆயர் முதல் வரிசைக்காரரின் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்து, சமாதானம் என்று சொல்வார். அவர் அடுத்தவருக்குத் தருவார், அது அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் வரும். அத்தனை மாதமும் அந்த நேரத்தில் எனக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை வந்துவிடும். அடுத்து வந்த ஞாயிறு கண்ணாடியைக் கழற்றவில்லை. பட்டறைக்காரர் திரும்பினார். வழக்கம்போல என்னைத் தாண்டி யாரையோ தேடினார். நான் கைகளை நீட்டினேன். அவர் பார்த்தார். பிறகு தேய்த்துக் கழுவியும் கிரீஸ் போகாத இரண்டு கைகளுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சமாதானமுங்க சார்."

நான் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னேன். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பரமண்டல ஜெபம். அந்த வரியில் என் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. அரைநொடி தாமதித்து முன்வரிசையிலிருந்து பட்டறைக் குரலும் வந்தது, கோயில் முழுக்க. மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்திக்கு எழுந்தபோது மட்டும், நான் முதலில் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சென்ற மாதம் ஒருநாள் காலை நடை போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் பட்டறைக்காரர் கடப்பாரையோடு நின்றார். பக்கத்தில் ஒரு நெல்லிக் கன்று. குழி தயாராகிவிட்டது.

"அரநெல்லி சார். கம்பி வரைக்கும் போகாது. நீங்க இல்லாதப்பவே வெச்சுப்போட்டா நல்லாருக்குமேன்னு பாத்தேன், அதுக்குள்ள வந்துபோட்டீங்க."

குழி இருந்தது நான் ஸ்கூட்டரை ஏற்றி இறக்குகிற வழியின் நட்டநடுவில். வாயைத் திறந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் மனைவி நிற்பது தெரிந்தது.

"ஆழம் பத்துமாங்க?" என்று கேட்டேன்.

இப்போது ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்துகிறேன். கன்று துளிர்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வரி வந்தது. செருமாமல் சொன்னேன்.