ஒரே வயிற்றுக்கு இரண்டு பதில்

டாக்டர் குணேஸ்வரியின் கழுத்து தொண்ணூற்று நான்காம் ஆண்டோடு திரும்புவதை நிறுத்திக்கொண்டது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு முழு உடம்பும் திரும்ப வேண்டும். நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில், ஜன்னலில்லாத குளிரறையில், கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு பகல் முழுக்கக் குனிந்திருப்பார். கூட வேலை பார்த்த டாக்டர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டதால், பக்கத்து ஊரான கிள்ளான் மருத்துவமனையிலிருந்து வேனில் வரும், திசு ஒட்டிய கண்ணாடிச் சிலைடுகளும் அவர் தலையில்தான் விழுந்தன.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் சிவசம்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே முனகுவார்.

"விட்டிடுமப்பா இந்த வேலையை. கையும் விறைச்சுப் போகுதெண்டு சொல்லுறீர்."

"நான் விட்டா ஆர் பாக்கிறது? சிலைடெல்லாம் என்ர மேசையிலதானே கிடக்கு."

அவர் ஒத்தடத் துணியை மறுபடி வெந்நீரில் நனைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் கணினி வந்தது. கிள்ளானில் மைக்ரோஸ்கோப்பின் மேல் கேமரா பொருத்தி, திசு பார்க்கப் பயிற்சி பெறாத அங்குள்ள டாக்டர் ஜெயராஜ் ஒவ்வொரு சிலைடிலும் நாலைந்து இடங்களைப் படம் பிடிப்பார். படங்கள் டெலிபோன் கம்பி வழியாக வந்து, குணேஸ்வரியின் திரையில் கோடு கோடாக மெல்ல நிரம்பும். அவர் முன்பே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பதில் எழுதிய பழைய சிலைடுகள்தான். பெயரை மறைத்து எண் மட்டும் போட்டிருந்தார்கள். திரையைப் பார்த்துச் சொல்வதும் அன்று எழுதியதும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனை.

முதல் நாள், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வேலை செய்தபோது குணேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படியாவது இது தேறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ஆனால் சிலைடை நகர்த்த முடியவில்லை. படத்தின் ஓரத்தில் ஏதோ தலைகாட்டும். தள்ளிப் பார்க்கக் கை போகும். படம் அப்படியே நிற்கும். ஜெயராஜ் காட்டியதற்கு மேல் ஒரு நூலிழையும் தெரியாது. மூடிய அறைக்குள் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல மூச்சு முட்டியது.

ஒருநாள் வயிற்றுத் திசு ஒன்று வந்தது. கடைசிப் படத்தில் மோதிரம் போல உப்பிய சில செல்கள் சிதறிக் கிடந்தன. தயங்காமல் 'புற்று' என்று எழுதினார்.

பதில்களை ஒப்பிட்ட பிறகு ஜெயராஜ் போன் செய்தார்.

"டாக்டர், இந்த வயிறு கேஸ் ஒத்துப்போகல. திரையில கேன்சர்னு சொல்லியிருக்கீங்க. மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ வெறும் புண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"படம் சரியில்லாம இருந்திருக்கும். சிலைடை அனுப்புங்க."

போனை வைத்தார். திரை தவறு என்றால் தன் கழுத்துக்கு விடிவில்லை. திரை சரி என்றால், யாரோ ஒருவர் மாதக்கணக்காகப் புற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார். எதை வேண்டிக்கொள்வது? திரை தவறாகவே இருக்கட்டும் என்றுதான் அன்று வேண்டினார்.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி வேன் மத்தியானம்தான் வந்தது. குனிந்து, சிலைடை ஓரம் வரை தள்ளினார். அங்கே இருந்தன, அதே செல்கள். நடுவில் பெரிய புண் தெரிந்ததும், கை விறைத்திருந்த அவசரத்தில் அன்று அதோடு நிறுத்தியிருக்கிறார்.

"இந்த இடத்தை ஏன் எடுத்தீங்க?" என்று ஜெயராஜிடம் கேட்டார்.

"எனக்கு என்னன்னு தெரியல டாக்டர். கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு, அதான்லா."

நோயாளி ஜெஞ்சாரோம் ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் நல்லம்மாள். உடனே வரச் சொன்னார்கள். நோயாளிகளை நேரில் பார்க்கும் வேலை குணேஸ்வரிக்குக் கிடையாது. ஆனாலும் கிள்ளானுக்குப் போனார்.

"அன்னிக்கு வெறும் புண்ணுதான்னாங்களே டாக்டர்? மாத்திரை கூடக் கொடுத்தாங்க."

"அப்படி எழுதினது நான்தாம்மா. சரியாப் பார்க்காம விட்டுட்டேன்."

 நல்லம்மாளின் பார்வை கழுத்துப் பட்டையில் நின்றது. "உங்களுக்கு என்ன டாக்டர்?" என்றாள்.

குணேஸ்வரி முகத்தை அப்பால் திருப்பிக்கொள்ளப் பார்த்தார்; கழுத்து விடவில்லை.

வயிற்றில் பெரும்பகுதியை எடுத்தார்கள். நல்லம்மாள் பிழைத்தாள். கைப்பிடிச் சோறே அதற்குப் பிறகு அவளுக்குச் செரித்தது; தோட்ட வேலைக்குத் திரும்பவில்லை.

பரிசோதனையை நடத்திய அதிகாரிக்கோ ஏக மகிழ்ச்சி. "இந்தக் கேஸ்ல மைக்ரோஸ்கோப்பையே திரை ஜெயிச்சிடுச்சு, டாக்டர். இதை முதல்ல எழுதணும்."

தலையாட்டியிருந்தால் போதும், கணினி மேசையிலேயே தங்கியிருக்கும்.

"திரை ஜெயிக்கல. நான் விட்டதை ஜெயராஜ் கண்ணு பிடிச்சது. அந்த இடத்தை அவர் எடுக்காம இருந்திருந்தா திரையிலயும் விட்டிருப்பேன். அப்படியே எழுதுங்க. ஒவ்வொரு சிலைடையும் பார்க்க இன்னொரு ஆளும் போடுங்க."

அறிக்கையில் அவர் சொன்னபடியே எழுதினார்கள். இன்னொரு ஆள் வரவில்லை. பரிசோதனை முடிந்ததும் கணினிக்குத் துணி போர்த்தி மூலையில் தள்ளினார்கள்.

குணேஸ்வரி பழையபடி குனிந்தார். ஆள் இல்லாததால் வயிற்றுச் சிலைடுகளைத் தானே இருமுறை பார்த்தார். காலையில் ஒருமுறை, மற்றவை முடிந்தபின் இன்னொருமுறை. வேலை இரட்டித்தது. பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த சிலைடை எடுத்து வைத்தார்.