பஸ்ஸில் ஏற்றாத பிள்ளை

மேரியின் மகள் எஸ்தருக்கு ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பஸ் ஹாரன் அடித்தால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு ஓயாமல் கத்துவாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய இரண்டு முறையும் கண்டக்டர் இருவரையும் வழியில் திருக்கழுக்குன்றத்திலேயே இறக்கிவிட்டார்.

"பேய் புடிச்ச பிள்ளைய பூசாரியாண்ட இட்டுகினு போம்மா."

இந்த முறை மேரி சதுரங்கப்பட்டினத்திலிருந்து நடந்தே வந்தாள். பாதி வழி பிள்ளை இடுப்பில்தான். வந்து சேர்ந்தபோது, டாக்டரைப் பார்க்கச் சீட்டு கொடுப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"காலைல மட்டுந்தாம்மா சீட்டு. பஸ்ல வந்திருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாம் இல்ல?"

"பஸ்லதான் ஏத்த மாட்டேன்றாங்களே ஐயா! அதுக்குத்தானே டாக்டரைப் பாக்க வந்துக்கீறேன்!"

ஜன்னல் மூடியது. மேரி அதன் கீழேயே முந்தானையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள்.

"நாளைக்கு மொத சீட்டு எனக்குத்தான்," என்றாள், சாத்திய ஜன்னலைப் பார்த்து.