அண்ணாவுக்காகப் பூட்டிய றேடியோ

எங்கள் வீட்டில் றேடியோவைப் பூட்டியது அண்ணாவுக்காக. எஸ்.எஸ்.சி. சோதனையில் அவன் ஒருமுறை கோட்டை விட்டிருந்தான். அடுத்த வருஷம் தங்கச்சியான நானும் அவனும் ஒரே வகுப்பில் இருந்து ஒரே சோதனைக்குப் படித்தோம். ஆனால் வீட்டில் கதை முழுக்க அண்ணாவின் சோதனை என்றுதான்.

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் எங்கள் வாய்க்காலோரம் இரண்டு வீட்டில்தான் அப்போது றேடியோ இருந்தது. மின்சாரம் கிடையாது. செங்கல்லைப் போலப் பாரமான பற்றரியைக் கொழுவினால்தான் அது பாடும். அண்ணா பள்ளிக்கூடத்தால் வந்து சேட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குந்துவான். சாப்பாடும் அங்கேதான். நானும் குந்தினேன், பொய் சொல்லமாட்டேன்.

ஒருநாள் அப்பா பற்றரியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"சோதனை முடியுமட்டும் இந்த வீட்டிலை ஒருத்தரும் கேக்கக் கூடாது. நானும் கேக்கமாட்டன்."

சொன்னபடியே செய்தி கேட்பதையும் விட்டார். பின்னேரங்களில் எங்களோடு விளக்கடியில் இருந்து பழைய பேப்பரை வாசித்தார். அம்மா சத்தம் கேட்கக்கூடாதென்று அரிசியைக்கூட வெளியே கொண்டுபோய்ப் புடைத்தார். அண்ணாவுக்கு முட்டைக் கோப்பி, எனக்குத் தேத்தண்ணி. அண்ணா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுப் பாட்டைக் கேட்கத் தொடங்கியதும் அப்பா அங்கேயும் போனார்.

"என்ரை பெடியன்ரை சோதனை முடியுமட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

முதல் கிழமை எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. பிறகு அந்த அமைதி பிடித்துப்போனது. விளங்காத கணக்கெல்லாம் விளங்கத் தொடங்கியது. பாஸ் பண்ணினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். இல்லையென்றால் வயலில் களை பிடுங்கலும் கல்யாணப் பேச்சும்தான்.

அண்ணாவுக்கு வெள்ளிக்கிழமையோடு சோதனை முடிந்தது. எனக்குத் திங்கட்கிழமை பூமிசாஸ்திரம் மிச்சம் இருந்தது; அவன் அந்தப் பாடம் எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே அப்பா பற்றரியைக் கொழுவிவிட்டார்.

"அப்பா, எனக்கு இன்னும் ஒரு பாடம் கிடக்குது."

"அவன் பாவம், மூண்டு மாசமா ஒரு பாட்டும் கேக்கேல்லை. நீ குசினிக்குள்ளை இருந்து படி."

நான் மட்டும் மூன்று மாதமாகக் கச்சேரியா கேட்டேன்? அம்மா சமைக்கும் குசினிக்கும் றேடியோ இருந்த விறாந்தைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். ஆறுகளின் பெயரைப் பாடமாக்கினால் பாட்டு வரி வாயில் வந்தது. இரண்டாம் தரம் போய் அப்பாவைக் கேட்டேன். சத்தத்தைக் குறைத்தார், அடுத்த பாட்டுக்கே கூட்டினார். மூன்றாம் தரம் போனபோது அம்மா முறைத்தார்.

"அப்பாவோடை வாய் காட்டாதை. பொம்பிளைப் பிள்ளை."

கதிரையில் சாய்ந்திருந்த அண்ணா தலையைத் தூக்கினான்.

"நிப்பாட்டுங்கோ அப்பா. அவள் படிக்கட்டும்."

அப்பா உடனே நிறுத்தினார். பற்றரியைக் கழற்றிக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார். அவன் ஒரே தரம்தான் சொன்னான்.

நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். "உன்னை ஆர் கேட்டது?" என்று அவன்மேல்தான் எரிந்து விழுந்தேன். பாவம், தான் செய்த பிழை என்னவென்று தெரியாமல் அவன் முழித்தான். நான் மூன்று தரம் கேட்ட அமைதி வீடு முழுக்க இருந்தது. அதற்குள் இருந்துகொண்டு அன்று முழுவதும் என்னால் ஒரு எழுத்துப் படிக்க முடியவில்லை.